இருக்கும் ஊரா, இல்லாத ஊரா? மாடல் ரயில் லேஅவுட் தொடங்கும் முன்

மாடல் ரயில் கட்ட ஆசைப்படுகிறவர் பலகையை அறுப்பதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உண்மையில் இருக்கிற, அல்லது ஒரு காலத்தில் இருந்த, ஸ்டேஷனைச் சின்னதாக்கிச் செய்யப் போகிறோமா? இல்லை, நாமே ஓர் ஊரையும் ஒரு பாதையையும் உண்டாக்கிக்கொள்ளப் போகிறோமா?

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இதைப் பல்லாண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். அசலைச் செய்பவர் கறாரானவர், கற்பனையாகச் செய்பவர் சுதந்திரமானவர் என்று பொதுவாக ஒரு எண்ணம் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. உலகின் மிகச் சிறந்த கற்பனை லேஅவுட்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவற்றைச் செய்தவர்கள் அசல் ரயில்வேயை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊரைக் கற்பனை செய்யலாம். ரயில்வேயைக் கற்பனை செய்யக்கூடாது.

ஏன் என்று விளக்க வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

அளவு சொல்லும் உண்மை

உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் அளவு எச்.ஓ. அதாவது 87-இல் ஒரு பங்கு. இந்த அளவில் ஒரு கிலோமீட்டர் என்பது 11.5 மீட்டர். நம் வீடுகளில் அவ்வளவு நீளமான அறையே கிடையாது.

நம் எல்லோருக்கும் தெரிந்த நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். எச்.ஓ. அளவில் அது கிட்டத்தட்ட 530 மீட்டர். உயரத்தையும் பாருங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர், ஊட்டி ஏறத்தாழ 2,200 மீட்டர். இடையில் உள்ள ஏற்றத்தை 87-ஆல் வகுத்தால் இருபத்தொரு மீட்டருக்கு மேல் வருகிறது. ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம். முழுப் பாதையையும் அளவு பிசகாமல் செய்வது யாராலும் ஆகாத காரியம்.

சமவெளிக்கு வந்தாலும் கணக்கு இரங்குவதில்லை. 24 பெட்டிகள் கொண்ட எக்ஸ்பிரஸ் ரயிலில், பெட்டிக்கு 22 மீட்டர் என்று வைத்தாலும், எச்.ஓ.வில் ஆறு மீட்டர் ஆகிறது. அது நிற்கும் பிளாட்பாரமும் ஆறு மீட்டர் வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் தண்டவாளம் பிரியும் பாயின்ட்கள் வேண்டும். வளைவுகளும் அப்படித்தான். நம் அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவு பத்து டிகிரி, அதாவது 175 மீட்டர் ஆரம். அதுவே மாடலில் இரண்டு மீட்டர் ஆரமாகிறது. கடையில் கிடைக்கும் எச்.ஓ. செட்களில் வளைவின் ஆரம் அரை மீட்டருக்கும் குறைவு!

இந்திய ரயில் செய்பவருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவும் அமெரிக்காவும் பயன்படுத்தும் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு அது சரியாகப் பொருந்தும். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும். கடைத் தண்டவாளத்தில் இந்தியப் பெட்டியை ஓட்டினால் தண்டவாளம் குறுகித் தெரியும். ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதைக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. கணக்குப்படி 11.5 மில்லிமீட்டர் வேண்டும், 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்பனைக்குக் கிடைக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலைப்பாதைகளைச் செய்பவர்களுக்காக ஜெர்மனியின் பெமோ நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. நீலகிரியின் பழைய எக்ஸ் வகை எஞ்சின்களும் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தவைதான்.

ஆக, ‘அப்படியே செய்கிறேன்’ என்பவரும் எதையோ விட்டுத்தான் ஆக வேண்டும். 46 கிலோமீட்டரையும் விட்டுவிட்டுக் குன்னூர் ஸ்டேஷனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கீழிருந்து பல்சக்கரத்தில் ஏறி வரும் நீராவி எஞ்சின் அங்கே கழற்றப்பட்டு, மேலே போக டீசல் மாட்டப்படுகிறது. லோகோ ஷெட் அங்கேயே இருக்கிறது. ஒரே ஸ்டேஷனில் நாள் முழுக்க வேலை. எந்த இடத்தை எடுப்பது என்று தேர்ந்தெடுப்பதில்தான் அசலைச் செய்பவரின் திறமை முழுவதும் இருக்கிறது.

லண்டனில் 1910-இல் தொடங்கிய ‘தி மாடல் ரயில்வே கிளப்’ கட்டிய கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ் லேஅவுட் இதற்கு நல்ல சான்று. கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்கு வடக்கே உள்ள பகுதியை, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இருந்தபடி, அடிக்கு 2 மில்லிமீட்டர் அளவில் செய்கிறார்கள். தெருத்தெருவாக ஆராய்ந்து செய்கிற வேலை, தலைமுறை தாண்டி நடக்கிறது. அங்கேகூடப் பின்னால் போகப் போகக் கட்டடங்களின் அளவைச் சிறிதாக்கிக்கொண்டே போகிறார்கள். கண்ணுக்குத் தூரம் தெரிய வேண்டும் என்பதற்காக. அசலுக்கு நேர்மையாக இருக்கிறவர்களும் கண்ணை ஏமாற்றித்தான் தீர வேண்டியிருக்கிறது.

கற்பனையின் உச்சம்

மறுகரைக்குப் போவோம். கற்பனை லேஅவுட் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர், அமெரிக்காவின் மான்டெரியில் ஜான் ஆலன் கட்டிய ‘கோர் அண்ட் டாஃபெடிட்’. பெயரைச் சேர்த்து உச்சரித்தால் ‘ரத்தம் சிந்தித் தோற்றுப்போன’ என்று பொருள்படும் ஆங்கிலச் சிலேடை வரும். தரையிலிருந்து கூரையை எட்டும் மலைகள், பள்ளத்தாக்குகளைத் தாண்டும் பாலங்கள், ஷன்ட்டிங் வேலைக்கு ஒரு டைனோசர்கூட உண்டு. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாள்களிலேயே வீட்டில் தீப்பிடித்து லேஅவுட்டின் பெரும்பகுதி அழிந்துபோனது. புகைப்படங்கள் இருக்கின்றன, இன்றும் அவற்றைப் பார்த்து மனம் சிலிர்க்கிறவர்கள் உண்டு.

டைனோசர் இருந்ததால் அது விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. ஜான் ஆலன் தொழில்முறைப் புகைப்படக்காரர். வெயிலும் மழையும் பட்ட மரம் எப்படி வெளுக்கும், இரும்பில் துரு எங்கே வழியும் என்று பார்த்துப் பார்த்து வண்ணம் பூசினார். பெட்டிகளைப் பழசாக்கிக் காட்டும் கலையைப் பலர் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்கள். நண்பர்களைக் கூப்பிட்டு, வேகமாக ஓடும் கடிகாரத்தை வைத்து, கால அட்டவணைப்படி ரயில்களை ஓட்டினார். எந்தப் பெட்டி எந்த சைடிங்குக்குப் போக வேண்டும் என்பதற்கு ஒழுங்கு இருந்தது. மலையைத்தான் அவர் இட்டுக்கட்டினார், ரயில் வேலையை இல்லை.

ஒரே கூரையின் கீழ் இரண்டும்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் பென்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த விவாதம் முழுவதையும் அந்த ஒரு கட்டடத்துக்குள் பார்த்துவிடலாம்.

அதைத் தொடங்கிய ராய் இங்லண்ட் ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் வந்தவர். வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ் பகுதியின் ஓலைக்கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மாறுவதும் அழிவதும் அவரை வருத்தின. முழுக்கப் போவதற்குள் அவற்றை மாடலாகச் செய்துவிட வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டார். 76-இல் ஒரு பங்கு அளவில், ஒவ்வொரு வீட்டையும் அளந்து, சுவரின் நிறத்தைக் குறித்து, தோட்டத்துச் செடி வரைக்கும் செய்தார்கள். அவரும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை அது. துல்லியம் என்றால் இதற்கு மேல் ஒன்றில்லை.

ஆனால் அந்த வீடுகள் நிற்கும் ‘பென்டன் பார்வா’ என்ற கிராமம் எந்த வரைபடத்திலும் இல்லை! வெவ்வேறு கிராமங்களில் நின்ற உண்மையான வீடுகளை அளந்து செய்து, ஒரு கற்பனைக் கிராமத்தில் குடியேற்றியிருக்கிறார்கள். வீடு நிஜம், ஊர் கற்பனை. துல்லியத்துக்கே பேர்போனவர்கள் இப்படிச் செய்ததற்குக் காரணம் எளிது. அவர்கள் காப்பாற்ற நினைத்தது அந்த வட்டாரத்தின் வாழ்க்கையை. அதற்கு ஒரே கிராமம் போதவில்லை.

அதே அருங்காட்சியகத்தில் ஜான் ஆஹெர்னின் ‘மேடர் வேலி’ லேஅவுட்டும் இருக்கிறது. முழுக்க முழுக்கக் கற்பனைப் பாதை. மற்றவர்கள் பலகைமேல் தண்டவாளத்தைப் போட்டு ரயில் ஓட்டிக்கொண்டிருந்த 1930-களில், ஊர், ஆறு, துறைமுகம், மலை என்று நிலம் முழுவதையும் செய்து அதனூடே ரயிலை ஓடவிட்ட முன்னோடிகளில் அவர் ஒருவர். பாதை கற்பனையானாலும், எஞ்சின்களுக்கும் கட்டடங்களுக்கும் ஆங்காங்கே உண்மையில் இருந்தவற்றையே மாதிரியாக எடுத்துக்கொண்டார்.

அசலின் பக்கம் நிற்பவரும் கற்பனையின் பக்கம் நிற்பவரும் கடைசியில் ஒரே முறைக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பாருங்கள். கண்ணால் பார்த்த பொருள்களை எடுத்து, இல்லாத இடத்தில் வைக்கிறார்கள்.

போடாத பாதை

எனக்கு மிகவும் பிடித்த வழி இதற்கும் அடுத்தபடி. உண்மையான ரயில்வே நிறுவனத்துக்கு, அது ஒருபோதும் போடாத ஒரு கிளைப் பாதையைக் கற்பித்துக்கொள்வது.

பாதிரியார் பீட்டர் டென்னியின் பக்கிங்ஹாம் லேஅவுட் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. பக்கிங்ஹாம் உண்மையான ஊர். கிரேட் சென்ட்ரல் உண்மையான ரயில்வே. ஆனால் கிரேட் சென்ட்ரல் பாதை பக்கிங்ஹாம் ஊருக்குள் வந்ததே இல்லை. வந்திருந்தால் 1907 வாக்கில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தொடங்கி வாழ்நாளெல்லாம் அதைச் செதுக்கினார். சிக்னல், மணி ஒலிக் குறியீடு, கால அட்டவணை எல்லாம் அந்த ரயில்வேயின் முறைப்படி. அந்த ஊர்க்காரர் பார்த்தால் ‘இது ஏன் இல்லாமல் போனது?’ என்று கேட்பார்.

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் டேட்டனில் ஆலன் மெக்லெலண்ட் ‘வர்ஜீனியன் அண்ட் ஓஹியோ’ என்று ஒரு நிறுவனத்தையே கற்பனை செய்தார். அப்பலாச்சியன் மலைகளிலிருந்து நிலக்கரி ஏற்றிச் செல்லும் ரயில்வே. நிறுவனம் கற்பனை, ஆனால் அது சரக்கைக் கைமாற்றிக்கொண்ட அண்டை ரயில்வேக்கள் எல்லாம் உண்மை. லேஅவுட்டின் விளிம்போடு உலகம் முடிந்துவிடவில்லை, ரயில்கள் எங்கிருந்தோ வந்து எங்கோ போகின்றன என்று காட்டினார். பார்வைக்குத் தெரியாத இடத்தில் ரயில்களை நிறுத்திவைத்து, உரிய நேரத்தில் மேடைக்கு அனுப்புவார். 1970-களின் பிற்பகுதியில் அவர் பத்திரிகையில் எழுதிய தொடர் ஒரு தலைமுறையையே மாற்றியது.

அவரைப் பின்பற்றியவர்களில் டோனி கோஸ்டர் முக்கியமானவர். நிக்கல் பிளேட் ரயில்வே மேற்கு வர்ஜீனியா நிலக்கரி வயல்களுக்குள் போயிருந்தால் என்ற கற்பனையில் ‘அலெகனி மிட்லண்ட்’ கட்டிப் பல்லாண்டுகள் ஓட்டினார். பிறகு அதைக் கலைத்துவிட்டு, அதே நிக்கல் பிளேட்டின் உண்மையான ஒரு பிரிவை 1954-இல் இருந்தபடி செய்யத் தொடங்கினார். கற்பனையிலிருந்து அசலுக்கு மாறியவரின் கையில் ரயில்வே மாறவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்த ரயில்வேயைப் பற்றிக் கற்றது ஒன்றும் வீணாகவில்லை.

நல்ல சரித்திர நாவலும் இந்த வழியில்தான் எழுதப்படுகிறது. அரசனும் போரும் தலைநகரும் வரலாற்றில் உள்ளபடி இருக்கும். கதாநாயகன் மட்டும் ஆசிரியர் படைத்தவனாக இருப்பான். சுற்றிலும் உண்மை உறுதியாக இருப்பதால் அவனையும் நம்பிவிடுகிறோம்.

கம்பத்துக்கு ஒரு மீட்டர் கேஜ்

நானும் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். என் லேஅவுட் 1960-களின் கம்பம் ஸ்டேஷன். கம்பத்தில் ரயில் ஸ்டேஷன் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-இல் மீட்டர் கேஜ் வந்தது. அதற்கு முன், மூணாறு தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போகும். 1924 வெள்ளம் அந்தக் குட்டி ரயிலைத் துடைத்தெடுத்துவிட்டது. போடிப் பாதை 2010 வரை மீட்டர் கேஜாகவே இருந்து, அகலப் பாதையாகி 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் ரயில் திரும்பியது. ஆனால் தேனியிலிருந்து தெற்கே கம்பம் பள்ளத்தாக்குக்குள் பாதை போனதே இல்லை. திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்கு ரயில் வேண்டும் என்பது அந்தப் பக்கத்து மக்களின் நெடுநாள் கோரிக்கை.

பள்ளத்தாக்குக்குள் போகும் பாதையை நான் போட்டுவிட்டேன். தேனியில் பிரிந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் கூடலூர் போகிறது. ஊர்களின் வரிசை நிலத்தில் இருப்பதுதான். வீரபாண்டியில் முல்லையாற்றின்மேல் ஒரு பாலம். சரக்கு என்ன? நெல், ஏலக்காய், மலையிலிருந்து இறங்கும் தேயிலையும் மரமும், மதுரை மில்களுக்குப் பஞ்சு. எதிர்த்திசையில் உரம், சிமென்ட், மண்ணெண்ணெய், லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு இயந்திரங்கள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குச் சிறப்பு ரயில். கார்த்திகை, மார்கழியில் குமுளி வழியாகச் சபரிமலை போகிறவர்களுக்கு இன்னொன்று. இதில் எதையும் நான் இட்டுக்கட்டத் தேவைப்படவில்லை. பள்ளத்தாக்கே கொடுத்துவிட்டது.

இடக் கணக்கும் ஒத்துவருகிறது. மீட்டர் கேஜ் வளைவு அகலப் பாதையைவிடக் கூர்மையாகப் போகலாம். ஐந்து பெட்டியும் ஒரு நீராவி எஞ்சினும் கொண்ட கிளைப் பாதை ரயில் எச்.ஓ.வில் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும். அறையின் ஒரு சுவர் போதும். அதனால் பிளாட்பாரம், லூப் லைன், கூட்ஸ் ஷெட், தண்ணீர்த் தொட்டி எதையும் குறுக்காமல் வைக்க முடிகிறது.

கற்பனை செய்பவர் பதில் சொல்ல வேண்டியவை

இல்லாத ஊரைச் செய்யப் போகிறீர்கள் என்றால், தண்டவாளம் வாங்குவதற்கு முன் கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்தில் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதையை யார் போட்டார்கள், எதற்காக? காசு போடுகிறவனுக்கு ஏதோ ஒரு லாபம் இருந்திருக்க வேண்டும். நிலக்கரியோ, தேயிலையோ, துறைமுகமோ, ராணுவமோ.

எந்த ஆண்டு? ‘பழைய காலம்’ என்பது பதிலாகாது. ஆண்டு தெரிந்தால்தான் எஞ்சின் தெரியும், பெட்டியின் நிறம் தெரியும், கைகாட்டியா விளக்கு சிக்னலா என்று தெரியும். மீட்டர் கேஜில் ஒய்பி எஞ்சின் பயணிகள் ரயிலுக்கு, ஒய்ஜி சரக்குக்கு, ஒய்எல் கனம் தாங்காத கிளைப் பாதைகளுக்கு. மூன்றும் சுதந்திரத்துக்குப் பின் வந்தவை. 1935 என்று சொல்லிவிட்டு ஒய்பியை நிறுத்தக் கூடாது.

எந்த ரயில்வேயின் வழக்கம்? ஸ்டேஷன் கட்டடத்தின் ஓடு, பெயர்ப் பலகையின் மஞ்சள், எதிர் ரயில் வராதபடி ஒற்றைப் பாதையைக் காக்கும் டோக்கன் முறை எல்லாம் அதிலிருந்து வரும். ஸ்டேஷன் மாஸ்டர் டோக்கனை டிரைவரிடம் கொடுக்காமல் ரயில் கிளம்பக் கூடாது. உங்கள் லேஅவுட்டிலும்தான்.

விளிம்புக்கு வெளியே என்ன இருக்கிறது? என் ரயில் தேனிக்குப் போகிறது என்றால், ‘தேனி’ என்பது திரைக்குப் பின்னால் மூன்று தண்டவாளங்கள். அது இல்லாவிட்டால் ரயில் வட்டம்தான் சுற்றும்.

இத்தனைக்கும் பதில் இருந்தால் உங்கள் கற்பனை ஊர் நிற்கும். இல்லையென்றால் எவ்வளவு அழகாகப் புல் ஒட்டினாலும், கொஞ்ச நாளில் உங்களுக்கே அலுத்துவிடும். ஓட்டுவதற்குக் காரணம் இல்லாத ரயிலை எத்தனை நாள் ஓட்ட முடியும்?

எப்போது அசலையே செய்ய வேண்டும்

இவ்வளவு சொன்னபின், ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் கற்பனை வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

1992-இல் இந்திய ரயில்வே பாதைகளை ஒரே அகலத்துக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் தெற்கெங்கும் ஓடிய மீட்டர் கேஜில் இன்று மிஞ்சியிருப்பது நீலகிரி மட்டும். பயணிகளுக்கு அது நல்லதுதான். ஆனால் அந்த ஸ்டேஷன்களின் சைடிங்குகள், டர்ன்டேபிள்கள், தண்ணீர்க் குழாய்கள், கைகாட்டிக் கம்பங்கள் போய்விட்டன. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 2018-இல் அகலப் பாதையாகத் திறந்துவிட்டது. பதிமூன்று கண் பாலம் நிற்கிறது, அதன்மேல் ஓடிய மீட்டர் கேஜ் இல்லை. இந்த ஸ்டேஷன்களில் வேலை பார்த்தவர்கள் ஓய்வுபெற்று நம்மிடையே இருக்கிறார்கள். எந்த லைனில் கூட்ஸ் நிற்கும், எஞ்சின் எங்கே தண்ணீர் பிடிக்கும், பாயின்ட் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. ராய் இங்லண்ட் ஓலைக்கூரை வீடுகளைப் பார்த்துத் துடித்த அதே கட்டத்தில் நாம் இருக்கிறோம்.

ஆகவே என் தீர்ப்பு இது. உங்கள் ஊர் மீட்டர் கேஜ் ஸ்டேஷன் உங்களுக்கு நினைவிருக்கிறதா, அல்லது நினைவிருக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரியுமா? அப்படியானால் அசலையே செய்யுங்கள். முதலில் அவரிடம் போய் உட்கார்ந்து, ஒரு தாளில் தண்டவாளங்களை வரைந்து வாங்குங்கள். நிற்கும் கட்டடத்தை இடிப்பதற்குள் அளந்துகொள்ளுங்கள். லேஅவுட்டை அடுத்த ஆண்டுகூடக் கட்டலாம், அந்த வரைபடத்தை இந்த மாதமே வாங்கிவிட வேண்டும். அப்படி ஓர் ஊர் உங்களுக்கு இல்லையென்றால், தாராளமாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதில் ஓடும் ரயில்வே உண்மையானதாக இருக்கட்டும்.

வரைந்து வாங்கியவர்கள் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஸ்டேஷன் பெயரும் ஆண்டும் போட்டு, இங்கே ஒவ்வொன்றாகச் சேர்த்துவைக்கிறேன்.